கவசமும் கால்தடமும்

திருவொற்றியூர் என்றதும் அன்பர்கள் பலருக்கும் வடிவுடையம்மனின் திருமுகம் மனத்தில் எழும். சங்கிலியாருக்குச் சுந்தரர் வாக்களித்த மகிழ மரம் சிலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயருக்கு மற்றொரு பொருளும் உண்டு: அப்பாவின் புல்லட் மோட்டார் சைக்கிள் பிறந்த ஊர் அது. 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் இங்கே புல்லட் பிறப்பது நிற்கவில்லை. 1978-இல் அப்பா வாங்கிய வண்டி அவற்றுள் ஒன்று.

அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அவர் வண்டி நுழையாத மாட்டுத் தொழுவம் இல்லை. பின்னிருக்கையில் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டி, கைப்பிடியில் தொங்கும் தோல்பை, காலில் தடித்த ரப்பர் அடி வைத்த காலணி. கோமாரி பரவும் காலங்களில் விடியற்காலையில் புறப்பட்டால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். இப்போது அவருக்கு 83 வயது. கண்ணில் நீரழுத்தம் ஏறியதால் பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, ஏழாண்டுகளாக வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டுமே தெரிகிறது. வண்டியும் அந்த ஏழாண்டுகளாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுவிட்டது.

என் மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்ததும் முதலில் கேட்டது அந்த வண்டியைத்தான். என்ஜினை ஊர் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். வால்வு, கார்புரேட்டர், கிளட்ச் தட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. என் பங்குக்கு வந்தவை என்ஜினின் இரு பக்க மூடிகள். வலப்பக்கம் இருப்பதைப் பட்டறைகளில் டைமிங் கவர் என்பார்கள். இடப்பக்கம் நீளவாக்கில் இருப்பதைக் கிளட்ச் கவர் என்பார்கள். இரண்டும் அலுமினிய வார்ப்புகள். புது வண்டியில் முகம் பார்க்கலாம் போல மின்னியவை, இன்று சாம்பல் பூத்துக் கிடந்தன. ஆங்காங்கே உப்புப் பூத்தாற்போல வெண்புள்ளிகள். அடியோரங்களில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய கறுப்பு. டைமிங் கவரின் முன்புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. ஒரு மழைநாளில் வண்டி வழுக்கி மதகுக் கல்லில் சாய்ந்தபோது விழுந்தது அது என்று அம்மா சொன்னார்.

அலுமினியம் மங்குவது ஏன் என்று நம் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. குக்கரின் அடியில் ஊற்றும் தண்ணீரில் எலுமிச்சைத் தோலையோ, துளிப் புளியையோ போடாவிட்டால் உட்புறம் கறுத்துப் போகும் என்பது அவர்கள் அறிந்ததே. இந்த உலோகம் காற்றுப் பட்ட கணமே தன்மேல் ஒரு மெல்லிய ஆடையைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆடைதான் அதைக் காக்கிறது. இரும்பின் துரு உள்ளே உள்ளே தின்னும். அலுமினியத்தின் ஆடையோ உள்ளிருப்பதை மூடி நிற்கும். ஆயினும் காரமும் உப்பும் அதற்குப் பகை. சோடா உப்புக் கரைசலில் ஊறவைத்தால் ஆடை கரைந்து உலோகமும் அரிபடும். கடற்காற்றும் மழைச்சேறும் அங்கங்கே துளைபோட, அந்த இடங்களில் வெண்பூ பூக்கும். ஆகவே மங்கிய மூடியை மீண்டும் ஒளிரச் செய்வதென்றால், மேலே பூத்ததோடு சேர்த்து உலோகத்தின் ஒரு படலத்தையும் தேய்த்தெடுத்தே ஆகவேண்டும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது.

எடுக்காமல் மூடிவிடும் வழிகளும் உள்ளன. குரோம் முலாம் பூசலாம். மகள் அதைத்தான் விரும்பினாள். அலுமினியத்தின் மேல் குரோம் நேரே ஒட்டாது. துத்தநாகம், செம்பு, நிக்கல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, கடைசியில்தான் குரோம். எங்காவது ஒரு படி தவறினால் இரண்டு மழைக்காலத்துக்குள் பொருக்கு எழும்பி உரியத் தொடங்கும். வெள்ளி நிறப் பெயிண்ட் அடிப்பது இன்னும் எளிது, இன்னும் மலிவு. அப்படி அடித்த வண்டிகளைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம், கல் திருமேனிக்கு எனாமல் பூசியதைக் கண்டாற்போல எனக்கு மனம் சுருங்கும். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்க மூடியைக் கழற்றுவது வியப்பான அளவுக்கு எளிது. கால்மிதியையும் பிரேக் மிதியையும் அகற்றி, கீழே ஒரு தாம்பாளம் வைத்துவிட்டு, நடுவிலுள்ள ஒற்றை நட்டைத் திருகினால் போதும். எண்ணெய் வடிய மூடி கையோடு வரும். வலப்பக்கம் அப்படியன்று. டைமிங் கவர் வெறும் மூடியில்லை. என்ஜினுக்கு எண்ணெயைத் தள்ளும் பம்புகளும் எண்ணெய் வடிகட்டியும் அதற்குள்ளேயே அமைந்தவை. மெருகுத் தூள் அதன் நுண்துளை ஒன்றில் தங்கிவிட்டால், பளபளக்கும் மூடிக்கு உள்ளே பேரிங்குகள் உயிரை விடும். அதனால் பம்புகளை மெக்கானிக்கே பிரித்தெடுத்து, துளைகளை அடைத்து என்னிடம் தந்தார்.

கூடத்தில் செய்தித்தாள் விரித்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த மூடிகளை வைத்திருந்தேன். வாசனையைக் கொண்டு வழியறிந்து அப்பா வந்து அமர்ந்தார். கையை நீட்டினார். வலப்பக்க மூடியைக் கொடுத்தேன். வெட்டு விழுந்த இடத்தில் விரல் நின்றது.

"இது மதகுல விழுந்தது. இதை எடுத்துடு" என்றார்.

அடுத்து இடப்பக்க மூடி. நீண்ட அந்த வார்ப்பை மடியில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். பின்பாதியில் ஓரிடத்தில் கட்டைவிரல் தானாகப் பதிந்தது. நான் குனிந்து பார்த்தேன். கண்ணுக்கு அங்கே மற்ற இடங்களைவிடச் சற்று வெளிறிய, உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று தெரிந்தது, அவ்வளவே. பள்ளம் என்று சொல்ல முடியாது. விரல் மட்டுமே அறியக்கூடிய ஒரு தாழ்வு. அவர் இடக்கால் காலணியின் உட்புறம் முப்பதாண்டுகளுக்கு மேல் புழுதியோடு உரசி உரசி உண்டாக்கியது.

"இங்கதான் என் கால் இருக்கும்" என்றார். எடுத்துவிடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. சற்று நேரம் விரலை அங்கேயே வைத்திருந்துவிட்டு, காபி கேட்டார்.

அம்மாவுக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை. "பேத்தி ஓட்டப்போற வண்டி. ஆயுத பூஜைக்குள்ள எல்லாம் ஒரே மாதிரி பளிச்சுன்னு இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் திட்டா நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அறைகுறை மெருகு அழுக்கைவிட அசிங்கம். ஆனால் அந்த வண்டியில் அப்பாவால் இன்னும் 'பார்க்க'க்கூடியது என்று எஞ்சியிருப்பது அந்த இடம் ஒன்றுதானோ என்ற கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் தெருக்கோடிச் சிவன் கோயிலின் குருக்களிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அங்கே உற்சவரான சோமாஸ்கந்தர் பழைமையான திருமேனி. காலங்காலமாக அபிஷேகமும் துடைப்பும் கண்டு, அம்பாளின் திருமுகத்தில் மூக்கும் இதழும் மழுங்கி, நிலவொளியில் பார்த்தாற்போல மென்மையாகிவிட்டன. குருக்கள் சிரித்தார்.

"திருவாசிக்கும் பீடத்துக்கும் புளி போட்டுத் தேய்ப்பேன் தம்பி. திருமுகத்துக்குப் புளி போடவே மாட்டேன். ஈரத்துணியால ஒத்தி எடுக்கிறதோட சரி. என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். பளபளப்பு இன்னிக்குப் போனா நாளைக்கு வரும். மூக்கு போனா வருமா?"

திருமேனிகளின் மேற்பரப்பைக் காப்பதில் நம் கோயில்களுக்கு எத்தனை எத்தனை வழிகள்! திருவொற்றியூரில் புற்று வடிவான ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் திறக்கப்பட்டு, புனுகுத் தைலம் சாத்தப்படும். திருவரங்கத்தில் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். உற்சவரான நம்பெருமாளுக்கு ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் ஜேஷ்டாபிஷேகம் நடைபெறும்போது, மேலுள்ள தங்கக் கவசங்கள் களையப்படும். அவற்றைத் தூய்மை செய்து, சிறு பழுதுகளை நீக்கி, எடையையும் சரிபார்த்த பிறகே மீண்டும் சாத்துவார்கள். எடை பார்ப்பது கணக்குக்காக என்றுதான் முன்பெல்லாம் எண்ணியிருந்தேன். மூடிகளைத் தேய்க்கத் தொடங்கியபின் அதில் வேறொன்றும் இருப்பதாகப் படுகிறது. ஒவ்வொரு துலக்கலிலும் இம்மியளவு பொன் போகிறது. எவ்வளவு போனது என்று ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்.

அப்பாவும் திருவொற்றியூருக்குக் கவசம் திறக்கும் நாளில் போகும் வழக்கம் உள்ளவர். வண்டி வாங்கிய ஆண்டில் அம்மாவைப் பின்னால் அமர்த்தி, 'பிறந்த வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன்' என்று வண்டியைக் காட்டிச் சொல்லிப் புறப்பட்டாராம். பார்வை போன பிறகு ஒருமுறை நாங்கள் காரில் அழைத்துச் சென்றோம். கூட்டத்தில் நெருக்குண்டு சந்நிதிக்கு முன் வந்ததும், "தெரியுதாப்பா?" என்று கேட்டுவிட்டேன். "புனுகு வாசனை வருதேடா" என்றார்.

காஞ்சிபுரத்தில் குத்துவிளக்குகளுக்கும் தாம்பாளங்களுக்கும் மெருகேற்றும் பட்டறை ஒன்று எனக்குத் தெரிந்தது. வெட்டு விழுந்த டைமிங் கவரோடு அங்கே போனேன். அதை நடத்தும் முதியவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார். கண்களைத் தவிர மற்றெல்லாம் கரி. மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு எடுக்கணும் சார்?" என்பதுதான். பளபளப்பு வேண்டுமா என்று அவர் கேட்கவே இல்லை.

பித்தளைக்கு ஓட்டும் சக்கரத்தில் அலுமினியத்தை வைக்கக் கூடாது என்று தனிச் சக்கரம் மாட்டினார். சக்கரத்தில் தங்கிய பித்தளைத் துகள் அலுமினியத்தில் கோடு போட்டுவிடும். முதலில் முரட்டு நார்ச் சக்கரம், பழுப்புக் கட்டி. பின்னர் மெல்லிய துணிச் சக்கரம், வெள்ளைக் கட்டி. சக்கரத்தில் மூடியை வைத்தபடி ஓரிடத்திலும் நிற்கவிடாமல் கையை ஓட்டிக்கொண்டே இருந்தார். நின்றால் அங்கே குழிவிழும். விளிம்புகளுக்கு வரும்போது அழுத்தத்தைத் தளர்த்தினார். "விளிம்பு கரைஞ்சா சோப்புக் கட்டி மாதிரி ஆயிடும். திருகுத் துளையைச் சுத்தி நீளமா இழுத்துட்டாலும் அசிங்கம். வார்ப்படக்காரன் செஞ்ச உருவம் அப்படியே நிக்கணும்" என்றார். என்ஜினோடு பொருந்தும் உட்புற விளிம்பில் சக்கரத்தை அவர் கொண்டுபோகவே இல்லை. அங்கே மயிரிழை தேய்ந்தாலும் எண்ணெய் கசியும். மதகுக் கல்லின் வெட்டு, அரம் போட்டுத் தேய்த்த பின் ஏறக்குறைய மறைந்தது. மீதியை எடுத்தால் வார்ப்பு மெலியும் என்று நிறுத்திக்கொண்டார். உற்றுப் பார்த்தால் ஒரு நிழல் தெரியும்.

இடப்பக்க மூடியை நான் சக்கரத்துக்குக் கொடுக்கவில்லை. கையாலேயே செய்தேன். தண்ணீரில் நனைத்த உப்புத்தாள், அதில் துளி சோப்பு. 320-ஆம் எண்ணில் தொடங்கி 400, 600, 1000 என்று மென்மையாகிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். முன்தாளின் கீறல்கள் முற்றிலும் மறைந்தனவா என்பது அப்போதுதான் தெரியும். அவசரப்பட்டு அடுத்த எண்ணுக்குத் தாவினால், கடைசி மெருகில் அந்தப் பழைய கீறல்கள் எல்லாம் கிளம்பி வந்து நிற்கும். பத்து மாலைகள் பிடித்தன. தோள் வலித்தது, நகக்கண்ணில் கறுப்பு ஏறி, சந்தியாவந்தனத்துக்குக் கை நீட்டவே கூச்சமாக இருந்தது.

அந்தத் திட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முரட்டுத் தாள்களை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. அப்பாவின் காலணி முப்பதாண்டுகளாகப் போட்ட மெருகு அங்கே இருந்தது. 320-ஆம் எண் தாளுக்கு அங்கே வேலையில்லை. சுற்றியுள்ள பரப்பை மெல்ல மெல்லத் தாழ்த்தி அந்த இடத்தோடு சமப்படுத்தவும் முனையவில்லை. 1000-ஆம் எண் தாளை மட்டும் திட்டின் குறுக்கே லேசாக ஓட்டி, இரண்டின் ஒளியும் ஒன்றாகும்படி செய்தேன். கண்ணுக்கு இப்போது மூடி முழுதும் ஒரே பளபளப்பு. அம்மாவுக்கு நிறைவு. விரலுக்கு அந்தத் தாழ்வு அப்படியே இருக்கிறது.

கடைசித் துலக்கலுக்கு அம்மா பூஜையறையிலிருந்து விபூதிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். "வெள்ளி விளக்கெல்லாம் இதுலதானே தேய்க்கிறேன்" என்றார். தண்ணீர் படாமல், உலர்ந்த பருத்தித் துணியில் தொட்டுத் தேய்த்தோம். மெருகுக் கட்டியின் கறுப்புப் பிசுக்கு முழுவதும் துணிக்கு வந்தது. அதன்மேல் வார்னிஷ் பூசலாமே என்று மெக்கானிக் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கால் உரசும் இடத்தில் வார்னிஷ் முதலில் விட்டுப்போகும். விட்ட ஓரத்தில் ஈரம் புகுந்து, புழு ஊர்ந்தாற்போல உள்ளுக்குள்ளேயே கோடுகோடாக மங்கும். மெழுகு போதும். மங்கினால் மீண்டும் துடைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்வதாக அம்மாவே ஏற்றுக்கொண்டார். சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் மூடியின் மேல் வேண்டாம், பெட்ரோல் டாங்கில் வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஈரக் குங்குமம் வெற்று அலுமினியத்தில் கறையாக நின்றுவிடும். "சாமிக்கே இடம் சொல்றியா?" என்று முணுமுணுத்தாலும், டாங்கில்தான் வைத்தார்.

புதிய பேக்கிங் வைத்து மூடிகளைப் பொருத்தி, எண்ணெய் நிரப்பி, மெக்கானிக் ஐந்தாவது உதையில் வண்டியை உயிர்ப்பித்தார். மகளுக்கு வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் பழக ஒரு வாரம் ஆனது. தெருமுனை வரை போய்த் திரும்பும்போதெல்லாம், "இடது கால் மூடியில போய் ஒட்டிக்குது தாத்தா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். தாத்தா பதில் சொல்லவில்லை.

அன்றிரவு என்ஜினுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தேன். எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் அது. காலையில் நான் எழுவதற்கு முன்பே அப்பா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"எத்தனை சொட்டு?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. வலப்பக்கம்."

"அப்ப சரி. சொட்டே இல்லைன்னா உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்."